31,000 கிலோமீட்டர் ஓடிய கார், 13 வருஷம் நின்ற கார்

பழசாக வாங்கி ரிப்பேர் பார்த்த காரில் காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பியாயிற்று. சித்திரை வெயில், ஏ.சி. முழுநேரமும் ஓட்டம், புதுக்கோட்டைக்குள் நெரிசலில் நின்று நின்று போனது எல்லாம் சேர்ந்தும் கூலன்ட் சூடு 98 டிகிரியைத் தாண்டவில்லை. இனிமேல் செலவுக் கணக்கை எழுதி மூடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. பழைய பிரீமியம் ஹேட்ச்பேக் தேடுகிறவர்கள், அதிலும் "கம்மியா ஓடின வண்டி" என்று கேட்டதும் அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள், படித்துவிட்டுப் போகலாம்.

வண்டி 2012 மாடல். 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், பெட்ரோல். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. அந்த வயதில் எந்தக் கம்பெனி ஹேட்ச்பேக்கை எடுத்தாலும் கீழே வரும் வேலைகளில் பாதியாவது இருக்கும். நாட்டரசன்கோட்டையில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் நின்றது. வீட்டார் சென்னையில். செவ்வாய்ப் பொங்கலுக்கும் கல்யாணம் காட்சிக்கும் வீடு திறக்கும்போது வண்டியும் வெளியே வரும். மற்றபடி வீட்டுக்குப் பூட்டு, வண்டிக்குப் போர்வை. கடைசி நாலைந்து வருஷம் அதுவும் இல்லை. வீட்டுக்கார ஆச்சி 2,25,000 சொன்னார். பேசி 1,85,000-க்கு முடித்தோம். ஓடோமீட்டரில் 31,000. அது திருத்தப்பட்டதல்ல, சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப்போனது. அதே வாரம் மதுரையில் அதே மாடல், 92,000 ஓடியது, ஒழுங்காக சர்வீஸ் பில் வைத்திருந்தது, 2,10,000-க்கு வந்தது. அதை நான் போய்க்கூடப் பார்க்கவில்லை.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் கையில் பழகியவை. காருக்கு அடியில் படுக்கிற வேலை பழக்கமில்லை. அதற்கு எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பி ஒருவர். இதில் எது அவர் செய்தது, எது நான் செய்தது என்பதை அங்கங்கே சொல்கிறேன், கூலிக் கணக்கு அதனால் மாறும்.

முதல் வேலை வண்டியைக் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவருவது. பேட்டரியில் 4.1 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 இருக்க வேண்டும். சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. புதுசு 4,900. டேங்கில் கிடந்த பெட்ரோலில் வார்னிஷ் வாடை அடித்தது. டியூப் விட்டு இழுத்து எடுத்ததில் ஒரு கேன் நிறைய வந்தது. அது கடையில் பேரிங் கழுவப் பயன்படுகிறது. பெட்ரோல் பில்டர் 850, பானெட்டுக்குள் கைக்கு எட்டுகிற பெட்ரோல் ஹோஸ்கள் 450. ஹோஸை மாற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2012 வண்டியின் ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

ஸ்டார்ட் ஆனது. ஆனால் நகரவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பூட்டிப் போயிருக்கிறார்கள். பின்பக்க பிரேக் ஷூ டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டது. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டியதில் ஒரு பக்கம் சீக்கிரம் விட்டது. மறுபக்கம் விட மத்தியானம் ஆகிவிட்டது. இதில் ஒரு விஷயம்: இந்த வகை வண்டிகளில் சக்கரத்துக்கு நட் கிடையாது, போல்ட்தான். 17 சைஸ் பாக்ஸ் ஸ்பேனர் இல்லாமல் போனால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தால் போதும். ஹேண்ட்பிரேக் வேண்டாம்.

மெதுவாக 40-ல் ஓட்டி வந்தோம். ஏன் 40 என்றால் டயர். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகள், புதுசு போலவே இருந்தது, பக்கவாட்டில் மட்டும் மயிரிழை வெடிப்புகள். டயரின் பக்கத்தில் DOT-க்குப் பின்னால் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: எங்களுடையதில் 1812. அதாவது 2012-ஆம் வருஷத்தின் 18-ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர். நான்கும் மாற்ற, 185/60 ஆர் 15, ஒன்று 4,700 வீதம் 18,800. அலைன்மென்ட், பேலன்சிங் 900. வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு இதற்கே போனது. விலை பேசும்போது குனிந்து அந்த நான்கு இலக்கத்தைப் படித்திருந்தால் ஆச்சியிடம் இன்னும் பத்தாயிரமாவது குறைத்திருக்கலாம்.

என்ஜின் ஆயில், மூன்று பில்டர்கள், டாட் 4 பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 4,500. இதில் சொல்ல ஒன்றுமில்லை. முன் டிஸ்க்குகளில் துரு ஏறி, பிரேக் அழுத்தினால் பெடல் துடித்தது. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். இதில் 19 மில்லிமீட்டர். வெர்னியரில் அளந்தால் 21.4 இருந்தது. லேத்தில் கடைசல் பிடித்தபின் 20.9. கடைசல் 600, முன் பேட் 1,800, பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டும் 1,400, கூலி 700. புது டிஸ்க் வாங்கச் சொன்னவர்கள் இருந்தார்கள், தேவைப்படவில்லை.

அடுத்து வந்த தொல்லைதான் எனக்குப் பிடித்த தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் திடீரென்று ஒரு காலை நொண்டும். செக் என்ஜின் விளக்கு கண் சிமிட்டும். பிறகு தானாகச் சரியாகிவிடும். 900 ரூபாய்க்கு புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி போனில் பார்த்தேன்: P0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்பயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. மெக்கானிக் தம்பி "பிளக்தாண்ணே" என்றார். மூன்று பிளக் 1,260. இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி நொண்டியது. "அப்ப காயில்" என்றார். பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் தருவது காயில். இந்த வண்டிகளில் பிளக்குக்கு ஒரு காயில், ஒன்று 2,300. காயில் போவது உண்மையிலேயே இந்த வயது வண்டிகளில் சகஜம், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் காசில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போடுங்கள், முதலாவதை இரண்டாவதில். ஸ்கேனர் காட்டும் எண் P0301 என்று மாறினால் காயில் கெட்டது. எனக்கு மாறவில்லை, P0302 அப்படியே நின்றது. காயில் தப்பித்தது, 2,300 மிச்சம்.

மிச்சம் இருப்பது பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அல்லது அதற்குப் போகும் ஒயர். இன்ஜெக்டரின் இரண்டு முனைக்கும் நடுவே 13.8 ஓம் காட்டியது, மற்ற இரண்டும் ஏறக்குறைய அதேதான். அப்போ ஒயர். இரு முனையிலும் மீட்டர் வைத்தால் பீப் சத்தம் கேட்கிறது, தொடர்பு இருக்கிறது. அங்கேதான் பலர் விட்டுவிடுவார்கள். பீப் கேட்கும்போதே மற்றொரு கையால் ஒயர்க்கட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தேன். இன்டேக் மேனிபோல்டுக்குப் பின்புறம், ஒரு குறிப்பிட்ட இடத்தில் விரல் பட்டபோது பீப் விட்டுவிட்டு ஒலித்தது. துணி டேப்பைப் பிரித்தால் எலிப் பல் பட்ட தடம். தோல் போய், உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் இரண்டே இரண்டுதான் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்று சிலிண்டர் என்ஜின் நிற்கும்போதே உலுக்குகிற சாதி. உலுக்கலில் இழை விலகும்போதெல்லாம் நொண்டல்.

அடிபட்ட இடத்தின் இருபுறமும் ஒரு அங்குலம் வெட்டி, அதே கனத்தில் புது ஒயர் நடுவில் வைத்து, சால்டர் செய்து, சுருங்கும் ஸ்லீவ் இரண்டு அடுக்கு போட்டு, மேலே துணி டேப். பொருட்செலவு 150. முறுக்கி இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிடாதீர்கள், என்ஜின் சூட்டில் அந்தப் பசை இளகி ஒழுகிவிடும். எலிக்குப் புகையிலைக் காம்பு கட்டச் சொன்னார்கள். கட்டினேன். மறுநாள் அந்தக் காம்பையும் காணோம். இப்போது ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைக்கிறேன். மூடிய இருட்டு இல்லாவிட்டால் எலி கூடு கட்டுவது குறையும் என்ற நம்பிக்கை. கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற துவாரத்துக்கு நெருக்கமான கம்பி வலை அடித்தாயிற்று. கடையில் கிடந்த துண்டு, செலவில்லை.

சூடு. இதுதான் அதிகம் அலைக்கழித்தது. டாஷ்போர்டு முள் எப்போதும் 90-ல் அசையாமல் நிற்கும், நானும் நிம்மதியாக இருந்தேன். ஸ்கேனரில் ஓடும் எண்ணைப் பார்த்தால் 106. இப்படிப்பட்ட பல வண்டிகளில் முள் நேர்மையாக நகராது. கணிசமான ஏற்ற இறக்கத்தை மறைத்து நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். முள் நகரும்போது வேலை முடிந்திருக்கும். 900 ரூபாய் ஸ்கேனர் தன் விலையை இந்த ஒரு இடத்திலேயே திருப்பித் தந்துவிட்டது.

கூலன்ட் டப்பாவைத் திறந்தால் இளஞ்சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல் தண்ணீர், ஓரங்களில் வெள்ளைப் படிவு. வருஷா வருஷம் குறையக் குறைய வீட்டைப் பார்த்துக்கொண்டவர் போர் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார். வளவில், அதாவது நடு முற்றத்தில், விழும் மழைநீரைப் பாத்திரத்தில் பிடித்து வைத்த வீடு அது. அரிப்பையே ஆராய்ச்சி செய்யும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இந்த ரேடியேட்டருக்குக் கிடைத்தது உப்புத் தண்ணீர்.

கசிவு எங்கே என்று பார்க்க, கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்கினோம். என்ஜின் ஆறியபின் 1.2 பார் ஏற்றி விட்டால், பத்து நிமிஷத்தில் 0.7-க்கு இறங்கியது. டார்ச் அடித்துத் தேடியதில், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கும் ஹவுசிங்கின் அடியில் சொட்டு. அது பிளாஸ்டிக். கழற்றும்போது காது ஒன்று பிஸ்கட் போல ஒடிந்து கையில் வந்தது. அதன் போல்ட்கள் நட்சத்திரத் தலை. அதற்கென்று பிட் செட் 1,100 கொடுத்து வாங்கினேன். அளவு சரியாக இல்லாத பிட்டை வைத்துத் திருகினால் தலை வழுக்கிவிடும், அப்புறம் துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

புது ஹவுசிங் தெர்மோஸ்டாட்டோடு 2,650, மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. மாட்டி ஓட்டினால் கசிவு நின்றது, சூடு நிற்கவில்லை: 103. ரேடியேட்டரைக் கழற்றாமல் வெறும் தண்ணீர் அடித்துக் கழுவிப் பார்த்தோம். கீழ்ப்பாதியைக் கையால் தொட்டால் குளிர்ச்சி, மேல்பாதி கொதிக்கிறது. குழாய்கள் உப்பில் அடைத்துவிட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ரேடியேட்டர் 5,200. கழற்றிய பழசை மெக்கானிக் தம்பி தூக்கிப் பார்த்துவிட்டு, "புதுசைவிட இது கனமா இருக்குண்ணே" என்றார். பழைய தண்ணீர் போகும்வரை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி. 20 லிட்டர் கேன் 300. கடைசியாக கூலன்ட் செறிவும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. மூன்று லிட்டர் செறிவு 1,350. கூலி 2,500. மொத்தம் 12,000. வாட்டர் பம்ப்பையும் மாற்றலாமா என்று யோசித்தோம். ஆட்டம் இல்லை, ஒழுகல் இல்லை, விட்டுவிட்டோம்.

அடுத்த முறை என்றால் ஹவுசிங்கும் ரேடியேட்டரும் ஒரே தடவையில். இரண்டு முறை கூலன்ட் வடித்ததில் ஒரு முறைக் கூலி வீண்.

சஸ்பென்ஷன். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்'. ஆத்தங்குடி போகும் வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று எண்ணத் தொடங்கும் அளவுக்கு எரிச்சல். சஸ்பென்ஷனில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பியான லிங்க் ராடு என்று முடிவு செய்து ஜோடி 1,900-க்கு மாற்றினோம். சத்தம் பாதி குறைந்தது. அது இன்னும் மோசம், ஏனென்றால் மிச்சப் பாதி எங்கிருந்து என்று தெரியாது. இரண்டு லிங்க் ராடுகளையும் கழற்றிக் கட்டிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்தால் லிங்க் ராடு சத்தமா இல்லையா என்று காசில்லாமல் தெரிந்திருக்கும். இதைப் பிறகு செய்துபார்த்தோம், மிச்சச் சத்தம் அப்படியே இருந்தது.

சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மைக் கழற்றி, அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை விரலால் அழுத்தினால் ரப்பர் அமுங்கவில்லை. ஓடித் தேயவில்லை, நின்று காய்ந்திருக்கிறது. நான்கு புஷ் 1,600, லேத் கடையில் பிரஸ்ஸில் வைத்து அழுத்த 400. பெரிய புஷ்ஷில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். பழசு எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் இறங்க வேண்டும். கழற்றும் முன்பே ஆர்மில் உளியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், லேத்காரருக்கு அது தெரியாது. இன்னொன்று, ஆர்ம் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று வண்டி எடை இறங்கியபின் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் தெறிக்கிற 'டொய்ங்' ஒன்றும் இருந்தது. அது ஷாக் அப்சார்பருக்கு மேலே இருக்கும் மவுண்ட் பேரிங். ஜோடி 3,400. ஷாக் அப்சார்பர் நன்றாகவே இருந்தது. கூலி 2,000, மறுபடி அலைன்மென்ட் 500. சஸ்பென்ஷன் மொத்தம் 9,800. இதையெல்லாம் முடித்துவிட்டு அலைன்மென்ட் பார்த்திருந்தால் டயர் போட்டபோது கொடுத்ததில் ஒரு பங்கு மிச்சமாகியிருக்கும்.

பின்பக்க இடது ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் விழுந்தது. உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்ததுதான் காரணம். அதைத் தனியாகத் தரமாட்டார்கள், கேபிளோடு முழு ரெகுலேட்டர்தான். சென்னை புதுப்பேட்டையில் பழசு ஒன்று 1,900-க்குக் கிடைத்தது. தங்கச்சி மகன் பல்லவன் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தான். மாட்டியது நான்.

ஏ.சி. விஷயத்தில் ஆரம்பத்திலேயே ஒரு ஏ.சி. கடையில் கேஸ் ஏற்றச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஏற்றினால் 1,500 ரூபாய் காற்றோடு போகும். வேறு கடையில் ஒளிரும் சாயம் கலந்து ஏற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்கள். பானெட்டுக்குள் எங்கும் சாயமில்லை. ஏ.சி. தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் நீல விளக்கு அடித்தால் பச்சை மின்னியது. கூலிங் காயில்தான்.

கூலிங் காயில் டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. டாஷ்போர்டு முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். கூலி 4,000 சொன்னபோது அதிகமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை. புளோயருக்குள் எலிக்கூடு. வேப்பங்கொட்டை, பஞ்சு, கிழிந்த சாக்கு நார், ஏதோ கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய ஓரம். ஈரத்தில் இதெல்லாம் காயிலோடு ஒட்டி ஊறி, அலுமினியத்தை அரித்திருக்கிறது. காயில் 5,600, கேஸும் சாயமும் 1,500, டிரையரும் ரப்பர் வளையங்களும் 900. சேர்த்து 12,000. வெளியே 38 இருந்த மத்தியானத்தில் நடு வென்டில் தெர்மாமீட்டர் செருகிப் பார்த்தேன்: 8 டிகிரி.

ஸ்கேனரையும் பிட் செட்டையும் சேர்க்காமல் ரிப்பேர் 72,010 ரூபாய். வாங்கிய விலையோடு 2,57,010. இதில் டயர், பேட்டரி, கூலிங் காயில், புஷ், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ரேடியேட்டர், எலி ஒயர் எதுவுமே வண்டி ஓடியதால் வந்த செலவல்ல. 92,000 ஓடிய அந்த மதுரை வண்டிக்கு கிளட்ச் வந்திருக்கலாம், ஷாக் அப்சார்பர் வந்திருக்கலாம். ஆனால் டயரும் பேட்டரியும் யாரோ ஏற்கெனவே மாற்றியிருப்பார்கள், கூலன்டையும் யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். இன்னொரு தடவை வாங்கினால் கிலோமீட்டரைக் கடைசியில்தான் கேட்பேன். டயர் தேதி, கூலன்ட் நிறம், பானெட்டுக்குள் எலிப் புழுக்கை, கடைசி பில்லின் தேதி, இந்த நாலும் முதலில். ஸ்கேனரைப் பையில் கொண்டுபோய், இருபது நிமிஷம் ஐடிலில் விட்டு, சூட்டு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச்சு.

பாக்கி ஒன்று இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு வினாடி 'கரகர' என்று டைமிங் செயின் சத்தம். ஆயில் ஏறியதும் நின்றுவிடுகிறது. மெக்கானிக் தம்பி "இப்போதைக்கு ஓட்டுங்கண்ணே, சத்தம் நீளுதான்னு மட்டும் பாருங்க" என்கிறார். செயின், டென்ஷனர், கூலி சேர்த்து 18,000 ஆகும் என்று மதிப்பு போட்டிருக்கிறார். 2027-இல் ஆர்.சி.க்கு 15 வருஷம் முடிகிறது, புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் செய்தால் போதும் என்று வைத்திருக்கிறேன். சத்தம் மூன்று வினாடி ஆனால் அன்றைக்கே செய்வேன்.